உறையாத தயிர்

பினாங்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மெஸ் நடத்திவந்த அக்கா ஒருவர், 1984-இல் ஒரு நாள் காலை எவர்சில்வர் தூக்குச்சட்டியோடு என் மருந்துக்கடைக்குள் நுழைந்தார். கண்ணாடி மேசைமேல் சட்டியை வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே முந்தின இரவு உறை ஊற்றிய பால். விடிந்து இவ்வளவு நேரமாகியும் பாலாகவே கிடந்தது. ஓரத்தில் மட்டும் நாலைந்து திரி மிதந்தது.

“மூணு நாளா இப்படித்தான் இருக்கு தம்பி. உறைமோரை மாத்திப் பாத்துட்டேன். சட்டியையும் மாத்திட்டேன். பால்காரரைக் கேட்டா, மாட்டுக்கு உங்க கடையிலதான் மருந்து வாங்கினாராம். அப்படி என்ன மருந்து குடுத்தீங்க?”

கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மடிநோய்க்குப் போடும் பெனிசிலின் குழாய், ஆறு. பால்காரப் பெரியவர் கால்நடை மருத்துவர் எழுதிய சீட்டோடுதான் வந்தார், அதில் குறையில்லை. நானும் பொறுப்பாகத்தான் விளக்கினேன். மடியில் உள்ள பாலை ஒட்டக் கறந்துவிட வேண்டும், காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும், குழாயின் மூக்கை நோகாமல் நுழைத்து அழுத்த வேண்டும், பிறகு மடியைக் கீழிருந்து மேலாக நீவிவிட வேண்டும் என்று கையால் காட்டிக்கூடச் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். குழாய் போடும் நாட்களிலும், அதற்குப் பிறகு மூன்று நாளும், அந்த மாட்டின் பாலைக் கொட்டிவிட வேண்டும். பெட்டிக்குள் இருந்த தாளில் அது அச்சாகியிருந்தது. ஆங்கிலத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில். பெரியவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

சாயங்காலம் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு அவருடைய கொட்டகைக்குப் போனேன். கம்போங் புவா பாலா. புக்கிட் கெலுகோர் பக்கம், நான் படித்த பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடு தூரம். ஆடும் மாடும் மேயும் தமிழ்க் கம்பம் என்பதால், தொலைக்காட்சியில் ஓடிய கௌபாய் தொடரின் பெயரை வைத்து ஊரே அதைத் ‘தமிழ் ஹை சப்பாரல்’ என்று சொல்லும். பெரியவரிடம் கறவையில் ஏழு மாடு. ஏழு மாட்டுப் பாலும் ஒரே கேனில் சேர்ந்துதான் டவுனுக்குப் போகும். ஏழு டம்ளர் கேட்டேன். ஒவ்வொரு மாட்டுப் பாலையும் தனித்தனியாகக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு கரண்டி மோர் விட்டு, தட்டுப் போட்டு மூடிவைக்கச் சொன்னேன்.

மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது ஆறு டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாது போலிருந்தது. ஏழாவது பால் அப்படியே ஆடியது.

“எங்க வீட்டுலயும் நாலு நாளா உறையல தம்பி,” என்றார் பெரியவர். “கண்ணு பட்டிருச்சுன்னு நெனச்சு மாட்டுக் கழுத்துல கயிறு கட்டிவிட்டேன்.”

பால் காய்ந்தாலும் பெனிசிலின் முழுதாகப் போய்விடாது. மடியில் உள்ள கிருமியைக் கொல்லப் போட்டது, உறைமோரில் உள்ள கிருமியையும் கொன்றுவிட்டது. பெனிசிலின் பட்டாலே உடம்பெல்லாம் தடித்துப்போகிற ஆட்களும் ஊரில் உண்டு. அந்த மெஸ்ஸில் மோர்ச்சோறு சாப்பிட்டவர்களில் அப்படி யாராவது இருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தயிரை உண்டாக்குவதும் கிருமிதான் என்று பரீட்சையில் எழுதித் தேறியவன் நான். அந்தப் பாடத்தையும் இந்த மருந்தையும் என் மண்டைக்குள் சேர்த்துவைக்க ஒரு மெஸ்காரம்மாவின் தூக்குச்சட்டி வர வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு மாட்டு மருந்து வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், “தயிர் உறையுதா பாருங்க. உறைஞ்ச பிறகு பாலை விக்கலாம்” என்று சொல்ல ஆரம்பித்தேன். சோதனைக்கூடத்துச் சோதனைக்கு இது ஈடாகாது. கொஞ்சமாக மருந்து இருந்தால் தயிர் உறைந்துவிடும், பாலில் மருந்தும் இருக்கும். ஆகவே மூன்று நாள் கணக்கையும் விடாமல் சொல்வேன். ஆனால் மூன்று நாள் பாலைக் கொட்டு என்றால் கணக்குப் பார்க்கிறவர்கள், தயிர் உறையாது என்றால் கேட்டுக்கொண்டார்கள். பாலைக் கொட்டுவது நஷ்டம். தயிர் உறையாமல் போவது மானக்கேடு.

*

இந்த மாதிரி விஷயங்களில் என் அப்பா என்னைவிடக் கெட்டிக்காரர். அவர் பட்டம் எதுவும் வாங்கியவரல்ல. நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டிரெஸ்ஸர். டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை காரில் வந்து போவார், மற்ற ஆறு நாளும் டிரெஸ்ஸர்தான் டாக்டர். காய்ச்சல் மிக்சர், வயிற்று மிக்சர், இருமல் மிக்சர் எல்லாம் பெரிய ஜாடிகளில் இருக்கும். ஜனங்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். அப்பா ஒரு காகிதத்தை நீளவாக்கில் மடித்து, கத்தரிக்கோலால் ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, பாட்டிலின் பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அளவு தப்ப மாட்டார். பின்னாளில் நான் ஆஸ்பத்திரியில் பார்த்த எந்த லேபிளும் அதற்குப் பக்கத்தில் வரவில்லை.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது தோட்டத்தில் மாடுகள் அடுத்தடுத்துச் செத்தன. காலையில் மேயப் போன மாடு மத்தியானம் தள்ளாடித் திரும்பி வரும். ரத்தமாகக் கழியும். இரவுக்குள் முடிந்துவிடும். பாம்பு கடித்திருக்கும் என்றார் ஆபீஸ் கிராணி. லயத்துக்காரர்களுக்கு மாடு என்றால் சேமிப்பு, மகள் கல்யாணம், தீபாவளித் துணி எல்லாம். ஆஸ்பத்திரிக் கொல்லையில் வந்து அழுதார்கள். மாட்டுக்கு மருந்து கொடுப்பது அப்பாவின் வேலையே இல்லை. ஆனாலும் நோயாளிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் ஒரு கணக்கு எழுதிவந்தார். எந்த மாடு, எந்தத் தேதி, எந்தக் காட்டில் மேய்ந்தது, அந்தக் காட்டில் என்றைக்கு லாலாங் புல்லுக்கு மருந்தடித்தார்கள். பதினொரு மாட்டுக்கு எழுதியபோது வரிகள் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன.

அப்போது புல்லுக்கு அடித்தது சோடியம் ஆர்சனைட், அதாவது பாஷாணம். அது உப்புக் கரிக்கும். உப்புக்கு ஏங்குகிற மாடு, மருந்து பட்ட புல்லைத் தேடிப் போய் நக்கும். அப்பா அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டினார். டாக்டர் அதைத் துரையிடம் காட்டினாரா என்பது தெரியாது. அப்பா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மருந்தடிக்கும் ஆட்களிடம் சொல்லி, அடித்த காட்டின் நாலு மூலையிலும் சிவப்புத் துணி கட்டவைத்தார். பத்து நாளைக்கு அந்தப் பக்கம் மாட்டை ஓட்டக் கூடாது. துணிக்கு என் அம்மாவின் பழைய சேலை ஒன்று போனது.

பிறகு பராகுவாட் என்கிற களைக்கொல்லி வந்தது. பாஷாணத்தைப் போல மாட்டைக் கொல்லாது என்று எல்லாருக்கும் நிம்மதி. இந்தத் தடவை மனுஷர்களுக்கு வந்தது வினை. முதுகில் தோம்பு மாட்டிக்கொண்டு மருந்தடித்த பெண்களுக்கு நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, தோல் வெந்தது. ஒரு மிடறு விழுங்கினால் நுரையீரல் போய்விடும். பினாங்கிலேயே தலைமையகம் வைத்திருக்கும் பூச்சிமருந்து எதிர்ப்பு அமைப்பும் தெனாகானித்தா என்கிற பெண்கள் உரிமை அமைப்பும் சேர்ந்து, மருந்தடிக்கும் பெண்களின் நிலையை 2002-இல் அறிக்கையாகவே வெளியிட்டன. அந்த ஆண்டே தடை அறிவிப்பும் வந்தது. 2006-இல் அதைத் தளர்த்தினார்கள். கடைசியாக 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத்தடை. அப்பா அதைப் பார்க்க இல்லை. அவருடைய பதிவேட்டின் கடைசிப் பக்கம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

*

1973-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். முந்தின வருஷம்தான் மருந்தியல் பள்ளி தொடங்கியிருந்தது, இந்த நாட்டிலேயே முதலாவது. அதற்கு முன்பு மருந்தாளுநர் ஆக வேண்டுமென்றால் சிங்கப்பூருக்கோ சீமைக்கோ போக வேண்டும், தோட்டத்து டிரெஸ்ஸர் மகன் எங்கே போவது? மிண்டன் வளாகம் பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாம். பட்டாளத்துக்காரர்கள் இருந்த கட்டடங்களில் நாங்கள் மாத்திரை அச்சடிக்கவும் களிம்பு குழைக்கவும் கற்றோம். மூலக்கூறு, கரைதிறன், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி இறங்கும் கோடு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல ஆசிரியர்கள். ஆனால் நோயாளி என்று ஒருவர் அந்தப் பாடங்களில் வரவே மாட்டார். வந்தாலும் எழுபது கிலோ எடையுள்ள ஆண் ஒருவராக வருவார். அவருக்கு வீடு, வேலை, மாமியார் எதுவும் கிடையாது.

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்துக் கவுண்டரில் உட்கார்ந்தபோதுதான் வீடும் வேலையும் உள்ள நோயாளிகள் வந்தார்கள். அந்தச் சமயம் பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டிருந்தன. விடியற்காலையில் பட்டர்வொர்த் பக்கத்துத் தோட்டங்களிலிருந்துகூட பஸ் ஏறிப் பெண்கள் வேலைக்கு வருவார்கள், மூன்று ஷிப்டு. ஒரு பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிலேயே சர்க்கரை. கிளிபென்கிளமைடு மாத்திரை. லேபிளில், காலையில் பசியாறுவதற்கு முன்னால் ஒன்று என்று நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் மயக்கமாகக் கிடந்தவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது.

தெளிந்த பிறகு போய்க் கேட்டேன். அவர் சொன்னதைச் செய்திருந்தார், அவ்வளவுதான். இரவு ஷிப்டு முடிந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்ததும், லேபிளில் இருந்தபடி மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பசியாறலாம் என்று நினைத்தவருக்குத் தூக்கம் சொக்கியது. படுத்துவிட்டார். மருந்து தூங்காமல் தன் வேலையைப் பார்த்தது.

“நீங்க காலையிலன்னுதானே எழுதியிருந்தீங்க அண்ணே?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து லேபிள் எழுதுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி. எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீர்கள்? எழுந்ததும் முதலில் என்ன சாப்பிடுவீர்கள்? பின்னால் நீளும் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். மேலதிகாரி ஒருவர், “இதென்ன கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறாயா?” என்று கிண்டல் செய்தார். இன்றைக்கு இதற்கு ‘மருந்து ஆலோசனை’ என்று பெயர் வைத்து, தனி அறையே கட்டியிருக்கிறார்கள்.

*

சொந்தக் கடை போட்டு ஏழெட்டு வருஷம் கழித்து நடந்த ஒன்றைச் சொல்வதற்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தண்ணீர்மலை அடிவாரத்திலிருந்து ஒரு பாட்டி வருவார். முழங்கால் வலி. கேட்பதெல்லாம் சூட்டுத் தைலம் ஒரு பாட்டில். திடீரென்று ஆறு மாதம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது முகம் பூரணச் சந்திரன் மாதிரி உருண்டிருந்தது, கன்னம் சிவந்திருந்தது. அக்கம்பக்கத்தார் உடம்பு தேறிவிட்டது என்று பாராட்டினார்களாம். கால் வலியும் போயே போய்விட்டதாம். சுருக்குப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் காட்டினார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு உருண்டைகள். பசார் மாலம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கியது, முழுக்க வேர், பக்கவிளைவே கிடையாது என்று விற்றவன் சத்தியம் செய்தானாம்.

பார்த்தவுடனே புரிந்தது. ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. வேரும் பட்டையும் இடிக்கிற போர்வையில் டெக்சாமெத்தசோனையும் சேர்த்து உருட்டுவது நம் ஊரில் இன்றும் நிற்காத திருட்டு. நான் கொதித்துப்போய், “பாட்டி, இதை இன்னையோட தூக்கிப் போடுங்க. ஒண்ணுகூடத் தொடக் கூடாது” என்றேன். பாட்டி நல்லவர். என் சொல்லை மதித்து, வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டார்.

நான்காம் நாள் அவருடைய மகன் ஓடிவந்தார். பாட்டி வாந்தி எடுத்து, எழுந்து நிற்க முடியாமல், ரத்த அழுத்தம் விழுந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால், உடம்பு தானாகச் சுரக்கிறதை நிறுத்திவிடும். வெளியிலிருந்து வருவதைச் சட்டென்று வெட்டினால் உள்ளேயும் இருக்காது, வெளியேயும் இருக்காது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் கண்காணிப்பில். இது மூன்றாம் ஆண்டுப் பாடம். எனக்கு மனப்பாடம். ஆனால் என் மனதில் ஸ்டீராய்டு என்பது டாக்டர் எழுதுகிற மருந்து. சந்தையில் வாங்கிய கறுப்பு உருண்டை என்பது ‘போலி’. போலியைத் தூக்கிப் போடத்தானே சொல்ல வேண்டும்? போலிக்குள் இருந்தது அசல் மருந்து என்பதைக் கண்டுபிடித்த நானே, அதன் அடுத்த வரியை மறந்துபோனேன். ஆஸ்பத்திரியில் சரியான டாக்டர் கையில் சிக்கியதால் பாட்டி பிழைத்தார். அதற்கப்புறமும் எட்டு வருஷம் என் கடைக்கு வந்தார், தைலத்துக்கு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் முதல் தடவையாக மருந்து எதிர்விளைவுப் படிவத்தை முழுசாக நிரப்பி அனுப்பினேன். அதற்கான ஆலோசனைக் குழு 1987-இல் அமைந்திருந்தது. 1990-இல் மலேசியா உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் முப்பதாவது நாடாகச் சேர்ந்தது. சுற்றறிக்கைகள் வந்தன, படிவங்கள் வந்தன. மேசை இழுப்பறையில் கிடந்தன. எழுதினால் நம்மேல் பழி வருமோ என்கிற பயம் ஒரு பக்கம், எழுதி என்ன ஆகப்போகிறது என்கிற அலட்சியம் ஒரு பக்கம். என் படிவத்தில் நான் சொன்ன வார்த்தையையும் எழுதினேன்: ‘உடனே நிறுத்தும்படி மருந்தாளுநர் கூறினார்.’ எழுதி முடிக்க மூன்று நாளானது.

1992-இல் பாரம்பரிய மருந்துகளுக்கும் பதிவு வந்தது. டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்று முடியும் எண் இருக்கிறதா என்று பார்க்க ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். 2005-இல் பளபளக்கும் ஹோலோகிராம் ஒட்டினார்கள். கொஞ்ச நாளில் ஹோலோகிராமுக்கும் போலி வந்தது. நான் எண்ணைப் பார்ப்பதோடு முகத்தையும் பார்ப்பேன். “கொஞ்ச நாளா நல்லாத் தேறிட்டீங்களே, என்ன சாப்பிடுறீங்க?” என்று விசாரிப்பதுபோல் ஆரம்பித்தால், பையிலிருந்து டப்பா தானாக வெளியே வரும். அதட்டினால் வராது.

*

பன்றிப் பண்ணைகள் பெரும்பாலும் கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில். தீவில் கடை வைத்திருந்த எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒரு நாள் லாரியில் வந்து இறங்கிய ஆள் ஒருவர் ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால் மாத்திரை கேட்டார். எத்தனை என்றேன். ஆயிரம் மாத்திரை டின், இருபது டின் என்றார். உங்கள் குடும்பத்தில் எத்தனை பேருக்கு இழுப்பு என்று கேட்டேன். சிரித்தார். கொடுக்கவில்லை. தீவனத்தில் கலந்தால் பன்றிக்குக் கொழுப்பு குறைந்து கறி சிவப்பாக ஏறும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கறியைத் தின்றவருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். தடை செய்த பழக்கம்தான். அவருக்கு வேறு எங்கேயோ கிடைத்திருக்கும்.

1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணை ஆட்கள் மூளைக் காய்ச்சலில் சாக ஆரம்பித்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசுவுக்குப் புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். என் கடைக்குத் தீவன வியாபாரி ஒருவர் வருவார், சீனர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவருக்கு ஈப்போவில் சொந்தம். “அண்ணே, இது கொசு இல்ல. பன்னி நாய் குரைக்கிற மாதிரி இருமுது. ஒரு மைல் தள்ளிக் கேக்கும். இருமுற பன்னியத் தொட்டவன்தான் சாவுறான். ஊசி போட்டவனும் சாவுறான்” என்றார். நான் செய்தித்தாளை எடுத்துக் காட்டி, அரசாங்கம் சொல்வதைக் கேளுங்கள் என்று அவருக்குப் புத்தி சொன்னேன்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியிடமிருந்து கிடைத்ததால் அதற்கு நிப்பா என்று பெயர். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதனுக்கு. கொட்டகையை ஒட்டிப் பழமரம் வைத்திருந்த பண்ணைகள். 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். ஜப்பானியக் காய்ச்சல் வளர்ந்த பன்றியைச் சாதாரணமாக ஒன்றும் செய்யாது, அப்படி இருமவும் வைக்காது. பண்ணைக்காரர்கள் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். தீவன வியாபாரி அடுத்த தடவை வந்தபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

*

கால்நடை மருந்துகளுக்கு முறையான பதிவு 2007-க்குப் பிறகுதான் வந்தது. கொலிஸ்டின் என்கிற மருந்தை உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுப்பதை 2019 ஜனவரி முதல் தடை செய்தார்கள். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்கு ஆஸ்பத்திரிகளில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்து அது. அதைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். அதை எதிர்த்து நிற்கும் குணம் ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவும் என்பது 2015-இல் சீனாவில் தெரிந்த பிறகுதான் உலகம் விழித்தது. இந்தச் செய்தி வந்த அன்று எனக்கு ஞாபகம் வந்தது ஏழாவது டம்ளர்.

குழந்தை எதையோ குடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு யாராவது வந்தால், முன்பெல்லாம் மார்ட்டிண்டேல் என்கிற மருந்துக் கையேட்டைப் புரட்டிக்கொண்டு வேர்த்து வழிவேன். 1994-இல் மிண்டன் வளாகத்திலேயே தேசிய விஷ மையம் வந்தது. ஒரு போன் போதும். ஆனால் போன் எடுக்கிறவர் முதலில் கேட்பது, என்ன, எவ்வளவு, எப்போது. அதை விசாரித்து வைத்திருக்க வேண்டியது கவுண்டரில் நிற்கிறவன்தான்.

ஓய்வு பெறுவதற்கு முன்பு கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம், பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் சில வாரங்களுக்கு என் கடைக்குப் பயிற்சிக்கு வருவார்கள். எங்களைவிடப் புத்திசாலிகள். கைப்பேசியில் எந்த மருந்தைப் பற்றியும் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். முதல் நாள் அவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை, வீட்டில் தயிர் உறை ஊற்றிக் கொண்டுவர வேண்டும். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் விழிப்பார்கள். தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் தெரியாது, அம்மாவுக்குப் போன் போடுவார்கள். மறுநாள் நாலைந்து டப்பாக்கள் மேசைக்கு வரும். அப்புறம்தான் மெஸ்காரம்மா கதையைச் சொல்வேன், பாட்டி கதையையும் சொல்வேன். என் தப்பைச் சொன்னால்தான் அவர்கள் தங்கள் தப்பை ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

அவர்களைக் கம்போங் புவா பாலாவுக்குக் கூட்டிப்போக முடியவில்லை. 2009-இல் அந்தக் கம்பத்தை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே அடுக்குமாடி. பால்காரப் பெரியவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். மகன் மாடுகளை விற்றுவிட்டு லாரி ஓட்டினார்.

கடையைக் கைமாற்றுவதற்குச் சில மாதம் முன்பு, பாலிக் புலாவிலிருந்து ஒருவர் வந்தார். நாலைந்து ஆடு வளர்க்கிறவர். கையில் கால்நடை மருத்துவர் சீட்டு, ஆட்டுக்கு மடி வீக்கம். பயிற்சிக்கு வந்திருந்த பெண் மருந்தை எடுத்துவைத்தாள். எப்படிப் போட வேண்டும் என்று கையால் காட்டினாள். நான் பின்னால் நின்றுகொண்டு, அடுத்து என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். பெட்டியை உறையில் போடப் போனவள் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“அங்கிள், இந்த ஆட்டுப் பாலை யார் குடிக்கிறாங்க?”

“பேரனுக்குத்தாம்மா. அவனுக்கு மாட்டுப்பால் சேர மாட்டேங்குது.”

அவள் பெட்டியைத் திரும்ப மேசைமேல் வைத்தாள். தடித்த மார்க்கரைத் தேடி என் இழுப்பறையைத் திறந்தாள்.